யாருக்காக இந்த மௌனம்?

ஆண்டுதோறும் சூலை 16 வருகிறது. கும்பகோணத்தில், 2004ஆம் ஆண்டு பள்ளித் தீயில் கருகிய 94 பிஞ்சுகளின் படங்களுக்கு மாலை சூட்டப்படுகிறது. மெழுகுத்திரி எரிகிறது, வழிபாடு நடக்கிறது, தலைகள் தாழ்கின்றன, நாவுகள் அடங்குகின்றன. பிறகு? கூட்டம் கலைகிறது!

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஏற்றும் அகல்விளக்கை எள்ளி நகையாட நாம் வரவில்லை, தோழர்களே! அவள் மௌனம் வெந்த நெஞ்சின் மௌனம். அதன் முன் நாமும் தலைவணங்குகிறோம். ஆனால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அந்தத் தாயின் மௌனத்துக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

"விதி" என்கிறார்கள், "ஆண்டவன் அழைத்துக்கொண்டான்" என்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை நடந்தது என்ன? சத்துணவு சமைத்த இடத்தில் எழுந்த நெருப்பு, வகுப்புகளின் மேலிருந்த கீற்றுக் கூரையைப் பற்றிற்று. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள். இறங்கி ஓடவோ குறுகிய படிக்கட்டு!

கீற்று வேய்ந்தது விதியா? படிக்கட்டைக் குறுக்கியது கடவுளா? பள்ளி நடத்த இசைவளித்த கையெழுத்து வானத்திலிருந்தா விழுந்தது? மனிதர் செய்த பிழையை ஆண்டவன் தலையில் ஏற்றுவது பகுத்தறிவுக்கு மட்டுமல்ல, பக்திக்கே இழுக்கன்றோ!

தஞ்சை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த நாள் 2014 சூலை 30. பத்துப் பேர் குற்றவாளிகள். பதினொரு பேர் விடுதலை. அந்த ஒரு தீர்ப்புக்கே பத்தாண்டுகள் காத்துக் கிடந்தனர் பெற்றோர். மௌனமாயிருந்திருந்தால் அதுவும் வந்திருக்குமா?

இந்தக் கொடுமையைச் சுட்டிக்காட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் என்றது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் வேண்டுமென ஆணையிட்டது. வழிபாடு பெற்றுத் தந்ததா இதை? வாய் திறந்து கேட்ட கேள்வி பெற்றுத் தந்தது!

ஆகவே இளைஞர்களே, அடுத்த சூலை 16 அன்று மெழுகுத்திரியோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். வாயில்கள் எத்தனை? படிக்கட்டின் அகலம் எவ்வளவு? அடுப்பு எங்கே எரிகிறது? தீயணைப்புக் கருவி இயங்குமா? கேளுங்கள், விடை கிடைக்கும்வரை கேளுங்கள்.

மாண்ட மழலைகளுக்காக இரண்டு நிமிடம் மௌனமாய் நிற்போம். அதன் பிறகும் வாய் மூடி நின்றால், அது அஞ்சலியாகாது. அடுத்த நெருப்புக்கு நாமும் தரும் இசைவாகிவிடும்!