நெஞ்சில் நீர்: நண்டு காரணமாகுமா?

கேள்வி: மணிப்பூருக்குச் சாலை வேலைக்குப் போன தங்கை மகனுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. டி.பி. மாத்திரை இரண்டு மாதமாகச் சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை. நண்பர்களோடு ஓடை நண்டை அரைகுறையாகச் சுட்டுத் தின்றதாகச் சொல்கிறான். அதனால் வருமா? எங்கள் வயல் நண்டையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: வரும். ஆடு மாடுகளின் ஈரலைக் கெடுக்கும் தட்டைப்புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு உறவான ஒன்று மனிதரின் நுரையீரலில் குடியேறும். நோயாளியின் சளியோடு வெளிவரும் முட்டை தண்ணீரில் பொரிந்து, நத்தையில் வளர்ந்து, பிறகு நண்டுக்குள் போகிறது. வேகாத நண்டைத் தின்றால் இளம்புழு குடலைத் துளைத்து, உதரவிதானத்தைக் கடந்து நுரையீரலுக்கு ஏறும். அந்த வழியில்தான் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கிறது. மணிப்பூரில் இது 1980களிலிருந்தே அறியப்பட்ட நோய்; நாகாலாந்து, அருணாசலப் பிரதேசத்தில் பின்னர் கண்டறியப்பட்டது. இருமல், சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் டி.பி. போலவே இருப்பதால் டி.பி. என்றே வைத்தியம் பார்க்கப்பட்டவர்கள் பலர்.

மருத்துவரிடம் முதலில் நண்டு தின்றதைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். நெஞ்சிலிருந்து எடுத்த நீரில் என்ன அணுக்கள் என்று பார்ப்பார்கள். டி.பி.யில் பெரும்பாலும் லிம்போசைட் மிகுந்திருக்கும். புழுவென்றால் ஈசினோபில் மிகும், சர்க்கரை மிகக் குறையும். ரத்தத்திலும் ஈசினோபில் ஏறியிருக்கும். சளியில் முட்டை தேடுவதைத் தனியாகக் கேட்க வேண்டும், டி.பி.க்காகச் சாயமேற்றிய ஸ்லைடில் அது தெரியாமல் போகும். நீர் மட்டும் கோத்த நிலையில் சளியில் முட்டை கிடைக்காமலும் போகலாம். அப்போது ரத்தத்தில் எலிசா சோதனை உதவும்.

புழுதான் என்று உறுதியானால் பிராசிகுவான்டெல் மாத்திரை, சில நாளே. எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வழக்கமான பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. மாட்டுக்கு வாங்கி வைத்த தட்டைப்புழு மருந்து பக்கம் போகவே வேண்டாம். டி.பி. மாத்திரையையும் பையனாக நிறுத்திவிடக் கூடாது. இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கலாம்.

வயல் நண்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நன்றாகக் கொதித்த குழம்பிலோ ரசத்திலோ. சளிக்கு நல்லது என்று பச்சை நண்டை இடித்துச் சாறு பிழிந்து அப்படியே குடிப்பதுதான் ஆபத்து. உப்பும் புளியும் புழுவைக் கொல்லாது. நண்டு இடித்த உரலையும் நறுக்கிய கத்தியையும் கழுவிய பிறகே வெங்காயம், வெள்ளரிக்கு எடுங்கள்.