அயலார் குழந்தை

பிறர் இல்லத்துச் செய்திகளில் தலையிடாமை நாகரிகம் என்பர். அண்டை வீட்டார் என்ன உண்கின்றனர், எவ்வாறு உடுக்கின்றனர், பிள்ளைகளை எங்ஙனம் வளர்க்கின்றனர் என்று ஆராய்ந்து குறை கூறித் திரிவாரை உலகம் மதிப்பதில்லை. ஆயினும், அயலார் குழந்தை ஒன்று கிணற்றங்கரையை நோக்கித் தவழ்ந்து செல்லக் கண்டவர், 'இது பிறர் வீட்டுச் செய்தி' என்று வாளா இருப்பாரோ? இரார். ஓடிச் சென்று வாரி எடுப்பார்; அதன் பின்னரே பெற்றோரைத் தேடுவார். கிணற்றின் ஆழம் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆதலின் அங்கே தயக்கம் எழுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத ஆழங்களும் உலகில் உண்டு. ஓடும் காரின் முன்னிருக்கையில், தாயின் மடியில் அமர்ந்திருக்கும் குழந்தையின் எதிரே இருப்பது அத்தகைய ஆழமே.

காரில் உள்ள 'சீட் பெல்ட்' என்னும் இருக்கைப் பட்டை வளர்ந்தோர் உடலுக்கென அளந்து செய்யப்பெற்றது. சிறு குழந்தைக்கு அது கழுத்திலும் வயிற்றிலும் பதிந்து துன்பம் விளைக்கும். அதனாலேயே குழந்தைகளுக்கெனத் தனி இருக்கை அமைத்தனர். அவ்விருக்கையைக் காருடன் அசையாதவாறு பிணைத்து, குழந்தையை அதன் பட்டைகளால் தளர்ச்சியின்றிக் கட்டுதல் வேண்டும். கைக்குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்தோ மிக மென்மையானது. ஆதலின், கைக்குழந்தையின் இருக்கை காரின் பின்புறத்தை நோக்கியிருத்தல் நலம். மோதல் நேரும்போது இருக்கையின் முதுகுப்பகுதியே தலையையும் உடலையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ளும்.

'பெற்ற தாயின் மடியைவிடக் காவலான இடம் உண்டோ?' என்று சிலர் வினவலாம். அன்பிற்கு ஈடில்லை என்பது உண்மையே. ஆயினும் இயற்கையின் விதிகள் அன்பிற்கு வளைந்து கொடுப்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் செல்லும் கார் எதன்மீதேனும் மோதி நின்றால், உள்ளிருப்போர் அதே விரைவில் முன்னோக்கிப் பாய்வர். அவ்விரைவு, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் விரைவாகும். அக்கார் அரை மீட்டர் தொலைவிற்குள் நின்றுவிடுமாயின், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோ எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். எந்தத் தாயின் கைக்கு அவ்வலிமை உண்டு? முன்புறக் காற்றுப்பையோ கண்ணிமைக்கும் நேரத்திற்குள் விரிந்து, பெரியோரைக் காப்பதற்கு மாறாக, மடியிலுள்ள குழந்தையைத் தாக்கும்.

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியோருள் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டென்னசி மாநிலத்துக் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்சு. காரில் செல்லும் குழந்தைகளுக்குக் காப்பிருக்கை வேண்டும் என்னும் அந்நாட்டின் முதற் சட்டம், அவர் முயற்சியால் 1978ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்திச் செல்லலாம் என்றொரு விலக்கு அச்சட்டத்தில் இருந்தது. அவ்விலக்கு குழந்தையை நசுக்கும் விலக்கு என்று அவர் ஓயாது எடுத்துரைத்தார். 1981இல் அது நீக்கப்பெற்றது. அவர் பேசியது தம் மக்களுக்காக மட்டும் அன்று. முகமறியா அயலார் மக்களுக்காகவுமே. இந்தியாவிலும், 14 வயது நிரம்பாத குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைக்குரிய காப்பிருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டுவோர்க்கு 1,000 ரூபாய் தண்டம் என 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் விதித்துள்ளது.

சட்டம் உளது, ஆனால் சாலை முழுதும் காவலர் இலர். பார்ப்பவர் பலர் உளர். 'வேறொருவர் சொல்வார்' என்று ஒவ்வொருவரும் எண்ணுவதால் ஒருவரும் சொல்வதில்லை. அவ்வாறாயின் கண்டவர் சொல்ல வேண்டுமா? சொல்லின், எவ்வாறு சொல்லுவது?

நெடுஞ்சாலை உணவு விடுதி ஒன்றின் முன் ஒரு கார் நிற்பதாகக் கொள்வோம். பின்னிருக்கையில் குழந்தைக்குரிய இருக்கை உள்ளது. அதில் பைகள் அடுக்கப்பட்டுள்ளன. குழந்தையோ முன்னே தாயின் மடியில் இருக்கின்றது. அவ்வழியே வந்த ஒருவர், "படித்தவர்கள்தாமே நீங்கள்? பிள்ளையின் உயிர்மேல் அக்கறை இல்லையா?" என்று பலர் கேட்க உரைக்கின்றார். தந்தையின் முகம் சிவக்கின்றது. "உங்கள் வேலையைப் பாருங்கள்" என்று கூறி வண்டியைக் கிளப்பப் போகின்றார். குழந்தை மடியிலேயே இருக்கின்றது. அவர் சொன்னது உண்மை. ஆயினும் அதனால் குழந்தைக்கு விளைந்த நன்மை யாது?

அருகே நின்ற முதியவள் ஒருத்தி மெல்ல நெருங்கிக் குழந்தையைக் கண்டு நகைக்கின்றாள். "நீண்ட பயணமா, அம்மா? பிள்ளை களைத்திருக்கிறானே! அந்தப் பைகளை எடுத்துவிட்டால் அவன் தன் இடத்தில் இருந்து வருவானே. மடியில் இருந்தால், தம்பி திடீரென்று வண்டியை நிறுத்தும்போது உன் கை தாங்காது" என்கின்றாள்.

"கட்டினால் அழுகிறான், பாட்டி" என்கின்றாள் தாய்.

"அழுதால் ஆற்றிக்கொள்ளலாம், அம்மா. நீயும் அவன் அருகில் பின்னால் அமர்ந்துகொள். பைகளை நான் எடுத்துத் தருகிறேன்" என்று கூறி முதியவள் கை நீட்டுகின்றாள். சற்று முன் சினந்த தந்தையே இறங்கி வந்து பைகளை வாங்கிக்கொள்கின்றார்.

இருவரும் கூறியது ஒரே உண்மைதான். முன்னவர் பெற்றோரின் குற்றத்தைப் பார்த்தார். பின்னவள் குழந்தையைப் பார்த்தாள். வேறுபாடு இவ்வளவே.

எல்லாவற்றிற்கும் வாய் திறத்தல் வேண்டும் என்பது இதன் பொருளன்று. நேரக்கூடிய தீங்கு பெரிதா? அது அண்மையில் உள்ளதா? சொல்லும் சொல்லால் இப்போதே பயன் விளையுமா? இம்மூன்றிற்கும் 'ஆம்' என்பதே விடையாயின் சொல்லுதல் கடமை. அன்றெனின் அமைதியே நன்று. தாம் தெளிவாக அறியாத ஒன்றை அறிந்தவர்போல் உரைத்தல் தகாது. ஓடும் வண்டியை நோக்கிக் கூவுதல் ஓட்டுபவரின் கருத்தைச் சிதறச் செய்யும். கார் வாங்கவோ தனி இருக்கை வாங்கவோ இயலாதாரைப் பழித்தல் கொடுமை. பெற்றோரைப் படம் பிடித்துப் பலர் காண வெளியிடுதல் அவர்களை நாணச் செய்யுமேயன்றிக் குழந்தையைக் காவாது. சொல்ல வேண்டியதை ஒரு முறை, இனிய குரலில், இயன்றால் ஓர் உதவியோடு சொல்லுதல் போதும். பின்னர் முடிவு பெற்றோருடையது.

அவ்வாறு சொல்லியும் சிலர் முகம் சுளிப்பர். அதனால் சொன்னவர்க்கு நேரும் இழப்பு ஒரு கண நேர நாணமே. 'இதுவரை ஒன்றும் நேரவில்லையே' என்று அவர்கள் கூறவும் கூடும். நூறு முறை தீங்கின்றிச் சென்றமை நூற்றோராம் முறைக்குக் காவலாகாது. கேட்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. தம் குழந்தைபால் அயலார் ஒருவர் கொண்ட பரிவைக் குறைகூறலாகக் கொள்ளாது, பரிவாகவே ஏற்றல் வேண்டும்.

இடித்துரைத்தல் நண்பர்க்கு உரியது என்று முன்னோர் வகுத்தனர். நண்பர் தம் குறையைத் தாமே அறியவும் வாய் திறந்து வினவவும் வல்லர். மடியிலுள்ள குழந்தையோ பட்டை தளர்ந்திருப்பதை அறியாது. அறிந்தாலும் கூற மொழியில்லை. தனக்கெனப் பேச இயலாத அவ்வுயிர்க்காகப் பேசும் ஒரு சொல், பிறர் இல்லத்தில் தலையிடுதல் ஆகாது. அது கிணற்றங்கரைக்கு ஓடிய கால்களின் விரைவே ஆகும்.