"சும்மாதான சார் இருக்கா"

1/
சாயங்கால ஓ.பி. நேரம். ஒரு அம்மா மடியில் 2 மாதக் கைக்குழந்தை. 22 மாதப் பையன் என் மேசைக்கு அடியில் புகுந்து எடை மெஷினை இழுத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் மாமியார். கதவோரம் கணவர், கையில் செல்போன்.

ஊர் நம்ம சங்கரன்கோவில்தான். யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இது உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கும். கொஞ்சம் நீளமான தொடர். பொறுமையா வாசிங்க.

2/
மாமியார் ஆரம்பித்தார்.

"சின்னதுக்குப் பால் பத்தல சார். ராத்திரி பூரா அழுவுது. டப்பா பால் எழுதிக் குடுங்க. பெரியவன் சேட்டை தாங்க முடியல, தம்பியக் கடிச்சு வைக்கான். அவனுக்கும் நல்லாத் தூங்குத மாதிரி ஒரு டானிக் குடுங்க."

இரண்டு பிள்ளைகளுக்கும் மருந்து கேட்டாங்க. அம்மாவுக்கு யாரும் எதுவும் கேட்கல.

3/
சின்னவன் பிறந்தபோது 2.8 கிலோ. இப்போது 4.5. நாளுக்குச் சுமார் 28 கிராம் ஏறியிருக்கிறான். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். நாளுக்கு ஏழெட்டுத் தடவை மூத்திரம் போகிறான். பால் பத்துது. பிரமாதமாப் பத்துது.

பெரியவனுக்கும் நோய் இல்லை. தம்பி வந்ததும் கடிப்பது, அடிப்பது, பழகின பிள்ளை திரும்ப டிரவுசரிலேயே மூத்திரம் போவது, எனக்கும் பால் வேணும் என்று அடம் பிடிப்பது எல்லாமே இந்த வயதில் எதிர்பார்க்க வேண்டியதுதான். "எங்க அம்மாவை யாரோ எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்ல 22 மாதத்தில் பேச்சு வராது. பல்லால சொல்றான்.

4/
நான் அந்த அம்மாவிடம் கேட்டேன். "தொடர்ச்சியா மூணு மணி நேரம் கடைசியா எப்பம்மா தூங்கினீங்க?"

யோசித்தார். தரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

பதில் கதவோரத்திலிருந்து வந்தது. "ராத்திரிதான் சார் முழிப்பு. பகல்ல வீட்ல சும்மாதான இருக்கா, தூங்கிக்கிடலாம்லா."

இந்தத் தொடர் முழுக்க அந்த "சும்மா"வுக்குத்தான்.

5/
கணக்குப் போடுவோம். 2 மாதக் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை தாய்ப்பால். சராசரியாக 10 தடவை, ஒவ்வொன்றும் 25 நிமிடம் என்று வைத்தால் 250 நிமிடம். நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாது. ஏப்பம் எடுக்க வைப்பது, துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் இதில் சேரவில்லை.

அடுத்தது பெரியவன். மூணு வேளைச் சாப்பாடு, நடுவில் ரெண்டு தீனி. ஒரு இட்லி உள்ளே போக அரை மணி நேரம். அதற்கப்புறம்தான் வீட்டுச் சமையல், துணி, பாத்திரம், தண்ணி பிடிப்பது.

அது மட்டுமில்லை. முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்குத் தினமும் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். உட்கார்ந்திருக்கும்போதும் அந்த உடம்பு வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதுக்குப் பேரு சும்மாவா?

6/
நான் என் இஷ்டத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2024-இல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கிற பெண்கள் அதற்காக நாளுக்குச் செலவிடும் நேரம் 289 நிமிடம். வீட்டு வேலை பார்க்கிற ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம்.

நல்லா கவனிங்க. அந்த 88 நிமிடம், வேலை பார்க்கிற ஆண்களின் கணக்கு. தொடாதவங்க அந்தச் சராசரியிலேயே வரமாட்டாங்க.

7/
நம்ம ஊர்ப்பக்கத்து வழக்கத்தைப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூணு மாசம், அஞ்சு மாசம் இருந்துவிட்டு வருவார்கள். அம்மா குளிப்பாட்டுவார், சித்தி தூக்குவார், பத்தியச் சாப்பாடு தட்டில் வரும். அப்போது இருப்பது ஒரே ஒரு குழந்தை.

ரெண்டாவது பிரசவத்துக்கு? "அதான் பழக்கம் ஆயிருச்சே." முப்பது, நாற்பது நாளில் திரும்ப வந்துவிட வேண்டும். சில வீடுகளில் போவதே இல்லை. இப்போது கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. வேலை இரண்டு மடங்கானபோது துணையைப் பாதியாக்குகிறோம். இதை வழக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

8/
"நாங்க அஞ்சு பெத்து வளக்கலையா?"

இதைச் சொல்லாத ஆச்சி கிடையாது. ஆச்சிமாரே, கோவிச்சுக்காம கேளுங்க. அந்த அஞ்சையும் நீங்க தனியா வளர்க்கவில்லை. கூட மாமியார் இருந்தார், மதினி இருந்தார், தெருவே இருந்தது. பல வீடுகளில் நாலாவதையும் அஞ்சாவதையும் இடுப்பில் சுமந்தது மூத்த பொண்ணு. அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்தித்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தன.

அந்தக் கைகள் இன்றைக்கு வீட்டில் இல்லை. பெண் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். அந்த இடத்துக்கு யார் வரணும்? வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே பெரிய ஆள் யார்?

9/
கணவர் சொன்னார், "சார், நான் பன்னெண்டு மணி நேரம் தறி ஓட்டிட்டு வாரேன்."

உண்மை. விசைத்தறிச் சத்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது எப்படிப்பட்ட வேலை என்று இந்த ஊரில் இருக்கிற எனக்குத் தெரியும். அந்தக் களைப்பை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தறிக்கு சுவிட்ச் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்தால் இன்னொருவர் வந்து நிற்பார். அவரோட மனைவிக்கு ஷிஃப்ட் மாத்த யார் வர்றாங்க?

10/
தறிக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நழுவினால் அது யோக்கியம் இல்லை.

என் ரெண்டாவது குழந்தை பிறந்தபோது மூத்தவளுக்கு ரெண்டு வயசு. நான் அந்த மாதங்களில் கேட்டு வாங்கி நைட் டியூட்டி பார்த்தேன். வீட்டை விட வார்டில் நிம்மதியாக இருந்தது, அதுதான் காரணம். அடுத்தவர் குழந்தைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடியவன், என் குழந்தை அழுதால் "பசிக்குது போல, பாரு" என்று திரும்பிப் படுத்தேன். என் மனைவி இன்று வரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததுதான் எனக்கு உறுத்துது.

டாக்டருக்குப் படிச்சும் இதுதான் லட்சணம். அதனால இது படிப்பு சமாச்சாரம் இல்லை. மனசு இருந்தா நடக்கும்.

11/
"சரி, கஷ்டம்தான். அதுக்கு டாக்டர் ஏன் குதிக்கிறாரு?" என்று கேட்கலாம்.

இது மருத்துவப் பிரச்சினை, அதனால்தான். தாய் ஓய்வில்லாமல், பயத்தில், அழுகையில் இருந்தால் பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் ஹார்மோன் சரியாக வேலை செய்யாது. பால் இருக்கும், இறங்காது. குழந்தை அழும். வீடே "பால் பத்தல" என்று சொல்லும். அவர் இன்னும் அழுவார். பால் இன்னும் இறங்காது.

மனசையும் பாருங்கள். இந்திய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கணக்குப்படி, நம் நாட்டில் பிரசவித்த தாய்மார்களில் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய். ஐந்தில் ஒருவருக்கு மேல். நம்ம வீடுகளில் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் வேறு: "திமிரு", "சோம்பேறித்தனம்", "எப்பப் பாத்தாலும் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கா".

12/
இதற்கெல்லாம் நாம் கண்டுபிடித்த வைத்தியம் மூணு.

ஒன்று, டப்பா பால். தாய்ப்பால் மாற்றுப் பொருட்களை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. கம்பெனிக்காரன் வாயைக் கட்டிட்டோம். அக்கம்பக்கத்து வாயை யார் கட்டுறது? மருத்துவக் காரணத்துக்கு டப்பா பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு, அவர்களின் அம்மாக்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எடை ஏறும் பிள்ளைக்கு, ராத்திரி தூக்க ஆள் இல்லை என்பதற்காக டப்பாவைத் திறப்பது வேறு கதை. டப்பா எழுந்து வந்து பிள்ளையைத் தூக்காது.

13/
இரண்டு, தூங்க வைக்கிற டானிக். இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் தயவுசெய்து நிறுத்துங்கள். சளி மருந்து பாட்டிலில் "கொஞ்சம் தூக்கம் வரும்" என்று தெரிந்தே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று அப்போது மத்திய சுகாதாரத் துறை மறுபடியும் அறிவுறுத்தியது. சேட்டை நோயில்லை. அதற்கு மருந்தும் இல்லை.

மூணு, செல்போன். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். வேற ஆளில்லாம, சின்னவனுக்குப் பால் கொடுக்கிற அந்த 25 நிமிஷத்துக்குப் பெரியவன் கையில் போனைக் கொடுக்கிற அம்மாவை நான் திட்டமாட்டேன். அதே வீட்டில் இன்னொரு போனை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற அப்பாவைத் திட்டுவேன்.

14/
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பிள்ளைக்கு 11 மாதம் ஆனபோது அந்த அம்மா அடுத்ததைக் கருவுற்றிருக்கிறார். "பால் குடுக்கும்போது நிக்காதுன்னாங்க சார்."

தப்பு. முதல் ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. அதற்கு மேல் நம்பக் கூடாது. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பர்-டி, அந்தரா ஊசி, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். இடைவெளி விடுவது ரெண்டு பேர் சமாச்சாரம். பலனை மட்டும் ஒருத்தர் தூக்கிச் சுமக்கிறார்.

15/
அரசுக்கும் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. அதை உதவித்தொகை என்று சொல்லாமல் "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள். வீட்டு வேலையும் வேலைதான் என்று ஒப்புக்கொண்ட பெயர் அது. வரவேற்கிறேன்.

ஆனால் அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தறிக்காரருக்கும், கடையில் நிற்பவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும் பிள்ளை பிறந்தால் ஒரு நாள் சம்பள விடுப்புகூட நாட்டில் எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. அப்பாவின் கை தேவை என்று சட்டத்துக்கே இன்னும் தோணல.

16/
அன்றைக்கு நான் சீட்டில் மருந்து எழுதவில்லை. எழுதியது இவ்வளவுதான்.

• ராத்திரி 9 மணிக்கு அம்மா பால் கொடுத்துவிட்டுத் தனியறையில் தூங்க வேண்டும். 1 மணி வரை இரண்டு பிள்ளைகளும் அப்பா பொறுப்பு. நடுவில் பசித்தால் பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். சுத்தமான பாத்திரத்தில் மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் இருந்தால் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.
• நைட் ஷிஃப்ட் வாரத்தில் இதே நாலு மணி நேரம் பகலில்.
• பெரியவனின் குளியலும் ஒரு வேளைச் சாப்பாடும் அப்பாவுக்கு. தினமும் 15 நிமிடம் அம்மா பெரியவனோடு மட்டும். அப்போது சின்னவன் ஆச்சி மடியில்.
• பெரியவனுக்கு 2 வயது ஆகிவிட்டால் அங்கன்வாடியில் கேளுங்கள்.
• இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, வெறுப்பு, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமை இருந்தால் என்னிடம் வாருங்கள், அல்லது 14416-க்கு இலவசமாகப் பேசுங்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள்.

17/
சீட்டைப் பார்த்துவிட்டு மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு இப்படி ஒருத்தரும் எழுதிக் குடுக்கல சார்."

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அதோடு போச்சு. ஓய்வு கிடைக்காதவருக்கு, ஓய்வு ஒரு உரிமை என்று எப்படித் தெரியும்?

18/
கடைசியாகக் கணவரிடம் கேட்டேன். "பெரியவனுக்கு ஒன்றரை வயசு ஊசி போட்டாச்சா?" அவர் மனைவியைப் பார்த்தார். போடவில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியது. அம்மா நிறைமாதம், அப்புறம் பிரசவம். கூட்டிட்டுப் போக ஆளில்லை. அப்பா இருந்தார். ஆளில்லை.

19/
நம்ம ஊர்ச் சாமியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் பெருமாள். ஒரே உடம்பில் பாதிப் பாதி. அந்தக் காட்சியைக் காண கோமதி அம்மன் தவம் இருந்ததைத்தான் வருஷா வருஷம் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறோம். அவ்வளவு கூட்டத்திலும் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துச் சாமியைக் காட்டும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோள் ராத்திரி பதினோரு மணிக்கும் வேண்டும். வீட்டில் ஒருத்தி நாலு மணி நேரத் தூக்கத்துக்குத் தவம் இருக்கிறாள்.

20/
அடுத்த புதன்கிழமை, தடுப்பூசி வரிசையில் அந்தக் கணவர் மட்டும் பெரியவனைத் தூக்கிக்கொண்டு நின்றார். தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டு வீட்டுக்கு மூன்று தடவை போன் போட்டாராம். மூன்றாவது தடவை மாமியார் எடுத்து, "அவ தூங்குதா, எழுப்பாத" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு மத்தியானம் அவங்க தூங்கினாங்க. அங்கேருந்து ஆரம்பிக்கலாம்.

உங்க வீட்டில் கைக்குழந்தையும் ஓடுற பிள்ளையும் இருந்தா, இதை மனைவிக்கு ஃபார்வர்டு பண்ணாதீங்க. போனை வெச்சிட்டு எந்திரிச்சுப் போய் பிள்ளையை வாங்குங்க.