ஒப்புக்கொடுத்தோர் எங்கே?

2021 சனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்தினின்று மீன்பிடிக்கச் சென்ற படகொன்று கரை திரும்பவில்லை. இலங்கைக் கடற்படைக் கலத்தொடு மோதி அது மூழ்கிற்று, நால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழ ஏதிலி. போருக்கு அஞ்சி இக்கரை வந்தவர் குடியிற் பிறந்தவர்க்கு, போர் முடிந்து பதினோராண்டு கழிந்த பின்னும் அக்கடல் அமைதி தரவில்லை.

போர் ஓய்ந்தால் சாவும் ஓயும் என்பர். ஈழத்தில் அது பொய்த்தது. 2009 மே 18 அன்று முல்லைத்தீவு வட்டுவாகல் அருகே போராளிகள் பலர் படைக்கலம் நீக்கிச் சிங்களப் படையிடம் தம்மை ஒப்புக்கொடுத்தனர். கத்தோலிக்கத் துறவி பிரான்சிசு சோசப்பு அவரொடு சென்றார். பேருந்துகளில் அவர் ஏற்றப்பட்டதை மனைவியரும் மக்களும் கண்ணாரக் கண்டனர். ஏறியவர் எவரும் இல்லம் மீளவில்லை, அத்துறவியும் மீளவில்லை. இது களச்சாவு அன்று. கையில் வேலின்றி நின்றவரைக் கொண்டுபோய் மறைத்த செயல் இது. இதற்குப் போர் என்று பெயரிடுதல் மொழிக்கே இழுக்காகும்.

புறமுதுகிட்டார் மேல் வாளோச்சாமையைத் ‘தழிஞ்சி’ எனத் தனித்துறையாகவே வகுத்தது தமிழ். பகைவன் மலையமானின் இளஞ்சிறாரை யானைக் காலில் இடத் துணிந்தான் கிள்ளிவளவன். யானையைக் கண்டு அழுகை மறந்து விழித்த அக்குழவிகளைக் காத்தவர் கோவூர்கிழார். உறையூர் புகுந்த புலவன் இளந்தத்தனை ஒற்றன் என்று கொல்லப் புக்கான் நெடுங்கிள்ளி. அங்கும் அவரே தடுத்தார். அவர் இடித்துரைத்தது வேற்றரசரை அன்று, சோழரை; தம்மைப் புரந்த குடியை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அந்நாவுக்குத் தமிழரிடையே 1986-இலும் வேலை இருந்தது. அவ்வாண்டு மே திங்களில் தெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் விடுதலைப்புலிகளால் கொல்லப்பட்டார். அவ்வியக்க இளைஞர் பலரும் மாண்டனர். உடன்பிறந்தார் கையால் உடன்பிறந்தார் பட்ட அந்நாளில் தமிழகத்து மேடைகளில் கோவூர்கிழார் மிக அரியராயினர். அதனைச் சொல்லக் கூசுவோர் கொழும்பை நோக்கி விரல் நீட்டும்போது அவ்விரல் நடுங்கும்.

வெள்ளையரும் கொடியரே. 1801-இல் மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். சின்ன மருதுவின் இளமகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதின்மர்க்கு மேற்பட்டோரைப் பினாங்குக்கு நாடுகடத்தினர். ஆயினும் கடத்தப்பட்டோர் பெயர் கும்பெனியார் ஏட்டில் உண்டு. வட்டுவாகலில் பேருந்தேறியவர்க்கு அவ்வேடும் இல்லை! 2020 சனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் கோத்தபய இராசபக்ச, காணாமற்போனோர் மாண்டோரே என ஐ.நா. அலுவலரிடம் கூறினார். எங்கே, எவர் கையால், எந்நாளில் என்பதை மட்டும் கூறவில்லை.

கிளிநொச்சியில் 2017 பிப்பிரவரி 20 அன்று தாய்மார் பந்தலிட்டு அமர்ந்தது இதற்காகவே. அவர் கேட்பது ஈட்டுத்தொகை அன்று. தம் கணவன்மாரில் எழிலன் போன்றோர்க்காக வழக்குமன்றம் ஏறியோரும் கேட்டது ஒன்றே: ஒப்புக்கொண்ட படை கணக்குக் காட்டுக. அன்று அவ்விடத்தில் பொறுப்பிலிருந்த படைத்தலைவர் யாவர், பேருந்துகள் சென்ற இடம் யாது, ஏறியவர் பெயர் யாவை என்னும் மூன்றையும் கொழும்பு வெளியிடுமாறு தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிப் புதுதில்லியை உந்த வேண்டும்.