சுமை தமிழனது, சொல் எவனது?

காவிரி பாயும் தஞ்சை மண்ணில் அறுவடைக் காலம் வந்துவிட்டால், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன் உந்துகள் வரிசை வரிசையாய் வந்து நிற்கும். அந்நெல்லை விளைத்தவன் தமிழன். 40 கிலோ மூட்டைகளாய் அதனைச் சாக்கிற் கட்டினவன் தமிழன். முதுகு வளைத்துத் தூக்கி அடுக்கினவன் தமிழன். இரவெல்லாம் கண்விழித்து ஓட்டிச் செல்பவனும் தமிழன். சுமை முழுவதும் தமிழனுடையதாய் இருக்க, அச்சுமையைத் தாங்கிச் செல்லும் ஊர்திக்கு மட்டும் அவன் வாயில் தமிழ்ப்பெயர் இல்லை. அதனை 'லாரி' என்கிறான். ஏற்றும் பொருளை 'லோடு' என்கிறான். ஓட்டுநன் 'டிரைவர்' ஆனான். உதவியாளன் 'கிளீனர்' ஆனான். வியர்வையைத் தான் சிந்திவிட்டுப் பெயரை அயலானுக்கு விட்டுக்கொடுக்கும் இந்நிலை, உலகில் வேறெந்த இனத்திற்கும் இவ்வளவு எளிதாய் வாய்த்திராது.

இதனைச் சுட்டிக்காட்டின், கலப்புத்தமிழர் உடனே ஒரு விடை வைத்திருப்பர். "'லாரி' உலகப் பொதுச்சொல், ஊருலகமெல்லாம் வழங்கும் ஒரு சொல்லைப் பெயர்த்தெறிய முயல்வது வீண்வேலை" என்பர். அவ்விடை மெய்தானா என்பதை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். அஃது உலகப் பொதுச்சொல் அன்று. ஆங்கிலேயர்க்கே பொதுச்சொல் அன்று என்பது அப்போது வெள்ளிடை மலையாய் விளங்கும்.

இங்கிலாந்தில் 'லாரி' என வழங்குவது அமெரிக்காவில் 'டிரக்' எனப்படும். இழுக்கும் பொறி தனியாகவும் சுமக்கும் உடல் தனியாகவும் அமைந்து, இரண்டையும் இணைத்து ஓட்டும் நெடிய உந்துக்கு அமெரிக்கர் தமக்குள்ளேயே ஒரு பெயர் வைத்துக்கொண்டார் அல்லர். ஒரு பகுதியார் 'செமி' என்பர். மற்றொரு பகுதியார் 'டிராக்டர் டிரெய்லர்' என்பர். தென்பகுதியார் உருளிகளை எண்ணிப் 'பதினெட்டு உருளி' எனப் பொருள்படும் சொல்லால் அழைப்பர். அதே உந்தை இங்கிலாந்தில் 'ஆர்ட்டிக்' எனச் சுருக்கிச் சொல்வர். ஆசுத்திரேலியாவில் பல பெட்டிகளைக் கோத்து ஓட்டுவதற்குச் 'சாலைத் தொடர்வண்டி' என்னும் பொருளமைந்த பெயர் உண்டு. தென்னாப்பிரிக்காவிலோ இழுக்கும் பொறிக்குக் 'குதிரை' என்றே பெயர். ஆக, ஆங்கிலம் பேசுவோர் நாட்டுக்கு நாடு, ஒரே நாட்டிற்குள்ளும் பகுதிக்குப் பகுதி, தத்தம் கண்ணுக்குப் பட்டதையும் கருத்துக்குத் தோன்றியதையும் கொண்டு பெயரிட்டுக் கொண்டனர். அவர்கட்கு உள்ள அவ்வுரிமை தமிழனுக்கு மட்டும் எங்ஙனம் இல்லாது போயிற்று?

'லாரி' என்னும் சொல்லின் வேர் இன்னதென்று ஆங்கில அகரமுதலி வல்லாரே உறுதியாய்க் கூறவியலாது நிற்கின்றனர். பொறியுந்து தோன்று முன்னரே, தட்டையான மேற்பரப்பு உடைய குதிரை வண்டிக்கு அப்பெயர் வழங்கியது. பொறி வந்தபோது அவர்கள் புதுச்சொல் தேடி அலையவில்லை. தம் பழைய வண்டியின் பெயரையே அதற்குச் சூட்டினர். இன்னும் ஒன்று. சாலையை அடைத்துக்கொண்டு வரும் மாபெரும் சரக்குந்தை இங்கிலாந்து மக்கள் 'சகர்நாட்டு' என்று இழித்துரைப்பதுண்டு. அது வேறன்று, ஒடிசாவின் பூரியில் தேரேறி வரும் சகந்நாதர் பெயரின் திரிபே. தமிழரின் கட்டுமரத்தைக் 'கட்டமரான்' எனத் தம் நாவிற்கேற்ப வளைத்துக்கொண்டதும் அவ்வாங்கிலமே. அயற்சொல்லை எடுத்தாலும் தன் ஒலிக்கு அடங்கும்படி வளைத்தே எடுக்கிறது ஆங்கிலம். தமிழனோ அயற்சொல்லுக்காகத் தன் மொழியின் எலும்பையே முறித்துக்கொள்கிறான். லகரமும் டகரமும் தமிழிற் சொல்லுக்கு முதலாகா என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. 'லாரி'யும் 'டிரக்'கும் அவ்வரம்பை மிதித்துக்கொண்டே உள்ளே நுழைகின்றன.

எந்தச் சொல் எந்நாட்டில் வழங்குகிறது என்று நோக்கின், அச்சொல்லின் பின்னால் நிற்கும் ஆட்சியாளன் முகம் தெரியும். ஆங்கிலேயன் ஆண்ட மலேயாவில் மலாய் மக்கள் 'லோரி' என்கின்றனர். ஒல்லாந்தன் ஆண்ட இந்தோனேசியாவில், அதே மலாய் இனத்து மொழி பேசுவோர் 'துருக்' என்கின்றனர். மொழி ஒன்று, ஆண்டவர் இருவர், சொல்லும் இரண்டு. இவ்வுண்மையை உணரக் கடல் கடந்து செல்லவும் வேண்டா. தஞ்சைக் கழிமுகக் கடற்கரையிலேயே அது பொறிக்கப்பட்டுள்ளது. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை தென்மார்க்கர் இருந்தனர். அதற்குத் தெற்கே காரைக்காலில் 1739-இல் கால்வைத்த பிரஞ்சியர் 1954-இல் தான் அகன்றனர். அதற்கும் தெற்கே நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1781-இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஒரே பகற்பொழுதில் மிதிவண்டியிற் கடந்துவிடத்தக்க தொலைவிற்குள் மூன்று அயலவர் கோட்டை கட்டினர். காரைக்காலார் கொடி கழிமுகம் முழுவதும் பறந்திருந்தால், இன்று மன்னார்குடி உழவன் நெல்லைக் 'காமியோன்' என்பதில் ஏற்றிக்கொண்டிருப்பான்; அதனையும் 'உலகப் பொதுச்சொல்' என்றே கலப்புத்தமிழர் வழக்குரைப்பர். அடிமைப்படுத்தியவன் யாரென்பதைப் பொறுத்து மாறும் ஒரு சொல்லை, அறிவியற்சொல் என்று போற்றுவது அறியாமையன்றி வேறென்ன?

அத் தென்மார்க்கரும் ஒல்லாந்தரும் தம் சொந்த மண்ணில் இவ்வூர்தியை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதையும் நோக்குக. தென்மார்க்கில் 'சுமையுந்து' எனப் பொருள்படும் சொல். ஒல்லாந்தில் 'சரக்கு வண்டி' எனப் பொருள்படும் சொல். செருமானியத்தில் 'சுமைவிசை வண்டி' எனப் பொருள்படும் சொல். மூன்றும் அவ்வம் மொழிக்குரிய சொற்கள். தென்மார்க்கு மக்கள் ஏறத்தாழ 60 இலக்கம் பேரே. அச்சிற்றினம் தன் நாவால் பெயரிட்டு உலக வணிகத்தில் தலைநிமிர்ந்து நிற்கையில், கோடிக்கணக்கான தமிழர் 'தமிழிற் சொல் வைத்தால் தொழில் கெட்டுவிடும்' என்று நடுங்குவது நாணத்தக்க நிலை அன்றோ?

இரவற்சொல்லால் தமிழினம் பெற்ற பயன் யாது? தமிழ்நாட்டார் 'லாரி' என எழுதுகின்றனர். ஈழத்தார் 'லொறி' என எழுதுகின்றனர். மலேசியத் தமிழர் 'லோரி' என எழுதுகின்றனர். ஓர் ஆங்கிலச் சொல்லை மூன்று கரைகளில் மூன்று வகையாய் எழுதிப் பிரிந்து கிடக்கின்றனர். உலகத்தோடு ஒட்டுவதற்காக எடுத்ததாகச் சொல்லும் சொல், தமிழனைத் தமிழனோடும் ஒட்டவிடவில்லை.

அவ்விரவற்சொல்லும் நிலைத்தா நின்றது? இற்றைநாள் விளம்பரங்களிலும் செய்தித்தாள்களிலும் 'டிரக்' என்பது மெல்லமெல்லத் தலைநீட்டுகிறது. 'லாரி'க்குத் தாயகமான இங்கிலாந்திலும் அமெரிக்கச் சொல் பரவி வருகிறது. 'மக்கள் வாயில் வேரூன்றிய சொல், அதை அசைக்கலாகாது' என்று 'லாரி'க்காக வாதிட்டவர், நாளை அதே வாயால் 'டிரக்'குக்காக வாதிடுவர். அயற்சொல்லை நீக்கி அயற்சொல்லை ஏற்றலாமாம். அயற்சொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை ஏற்றுதல் மட்டும் ஆகாதாம்!

தமிழனுக்குச் சுமையூர்தி புதிதன்று. சகடம், சாகாடு, பண்டி, வண்டி, ஊர்தி என்று பெயர்கள் அடுக்கடுக்காய் உள்ளன. உப்பு வணிகரான உமணர் வண்டியின் உறுப்புகளைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. மென்மையான மயிற்பீலியே ஆயினும் அளவுமீறி ஏற்றின் அச்சு முறியும் என்று மிகைச்சுமையின் கேட்டைத் திருவள்ளுவர் 475-ஆம் குறளில் எச்சரித்துள்ளார். நெடுவழி செல்லும் உமணர், அச்சு முறிந்தால் மாற்றுதற்கென வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் உவமையாக்கினார். அதன் பெயர் சேமவச்சு. இன்று திருமறைக்காட்டு உப்பளத்தினின்று உப்பேற்றிச் செல்லும் ஓட்டுநன், தன் மாற்றுருளியை 'ஸ்டெப்னி' என்கிறான். அது வேல்சு நாட்டு இலனெல்லி நகரத் தெரு ஒன்றின் பெயர். 1904-இல் அங்குத் தோன்றிய மாற்றுருளிக்குத் தெருப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் அப்பெயரைக் கைவிட்டு, மாற்றுருளி எனப் பொருள்படும் எளிய சொல்லையே வழங்குகின்றனர். அவர்கள் எறிந்த தெருப்பெயரைத் தமிழன் பொறுக்கி வைத்திருக்கிறான். தன் பாட்டி கொடுத்த சேமவச்சை மறந்துவிட்டான். சேமவுருளி என்று சொல்ல எவ்வளவு மூச்சுச் செலவாகும்?

'பொதுமக்கள் வாயில் தமிழ்ச்சொல் நுழையாது' என்பதும் பொய்க்கூற்றே. கழிமுகத்துச் சிற்றூர்களில் உழைப்போர் பேச்சை உற்றுக் கேட்பின் உண்மை புலப்படும். 'வண்டி வந்ததா? வண்டியில் எத்தனை மூட்டை?' என்றே அவர்கள் வினவுகின்றனர். நெல் வண்டி, மணல் வண்டி, தண்ணீர் வண்டி என்பன அவர்கள் நாவில் இயல்பாய்ப் பிறப்பன. பழைய வண்டிப் பெயரைப் பொறியுந்துக்குச் சூட்டிய ஆங்கிலேயன் வேலையை, எழுத்தறியாத தமிழுழவன் யாருங் கற்பிக்காமலே செய்து முடித்துவிட்டான். எழுத்தில் 'லாரி'யைத் திணிப்பவர் படித்தவரே. 'பேருந்து' என்றபோதும் இதே ஏளனம் எழுந்தது. இன்று ஊர்தோறும் பேருந்து நிலையம் என்னும் பெயர்ப்பலகை நிற்கிறது. படிப்பவர் யாரும் திகைப்பதில்லை. பெரிய உந்து பேருந்தாகலாம் எனின், சரக்கேற்றும் உந்து சரக்குந்தாவதில் தடையென்ன?

'சரக்குந்து, சுமையுந்து, பாரவூர்தி, கனவுந்து என உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே' என்று எள்ளுவாரும் உளர். ஆங்கிலத்தார்க்குப் பத்துப் பெயர் இருப்பின் அது வளமாம். தமிழர்க்கு நான்கு இருப்பின் அது குழப்பமாம்! அந் நான்கனுள் எதனைக் கேட்பினும் தமிழ்க்குழந்தைக்குப் பொருள் விளங்கும். 'லாரி'யைக் கேட்டால் பொருளைக் கண்ணாற் கண்டாலன்றி விளங்காது. எனினும் பொதுவழக்கிற்கு ஒரு சொல் முதன்மை பெறுதல் நன்று. பொதுப்பெயராகச் சரக்குந்து நிற்கட்டும். மிகுசுமை தாங்கும் பெரியவற்றிற்கு ஈழத்தார் செய்தித்தாள்களில் வழங்கும் பாரவூர்தி அமையட்டும். மண்ணையும் மணலையும் சாய்த்துக் கொட்டுவது சாய்ப்புந்து ஆகட்டும். இழுக்கும் பொறி இழுவையாகவும், இழுபடும் உடல் தொடுப்பு வண்டியாகவும் பிரிந்து நிற்கட்டும். வேறுபாடு வேண்டுமிடத்து வேறுபடுத்தவும் தமிழ் வல்லது.

சட்டத்தாரும் இவ்வழியே சென்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1988-ஆம் ஆண்டின் இயக்கூர்திச் சட்டம் தன் பொருள்வரையறைப் பகுதியில் 'லாரி'யையும் கொள்ளவில்லை, 'டிரக்'கையும் கொள்ளவில்லை. சரக்கேற்றும் ஊர்தி எனப் பொருள்படும் சொல்லையே பொதுப்பெயராக்கி, மொத்த எடை 12,000 கிலோவிற்கு மேற்பட்டதைக் கனச்சரக்கூர்தி எனப் பொருள்படும் சொல்லால் வரையறுத்தது. ஊருக்கு ஊர் மாறும் பேச்சுச்சொல் உரிமையை உறுதி செய்யாது என்பதை ஆங்கிலத்திற் சட்டம் எழுதினாரே உணர்ந்திருந்தனர். அதனைத் தமிழில் எழுதின் சரக்கூர்தி என்றன்றி வேறெவ்வாறு எழுதுவது?

இது வெறுஞ்சொற் சண்டை அன்று. உழவன் கையெழுத்திடும் தாளிலும், ஓட்டுநன் உரிமத்திலும், நேர்ச்சியில் இறந்தவன் குடும்பம் இழப்பீடு கேட்கும் விண்ணப்பத்திலும் அவனுக்கு விளங்காத மொழி நிற்குமாயின், அங்கே ஏமாற்றுவோனுக்கு வாயில் திறக்கிறது. பெயர் விளங்காதவன் கணக்கும் விளங்காதவனாகிறான்; கணக்கு விளங்காதவன் உரிமை இழந்தவனாகிறான். 1972-இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உழவனிடமிருந்து வாங்குவது தமிழ்மண்ணின் நெல். அந்நெல் ஏறி இறங்கும் ஒவ்வொரு தாளும் தமிழாய் இருத்தல் உழவனுக்கு இரங்கித் தரும் சலுகையன்று, அவன் பிறப்புரிமை.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911-இலும், தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இலும் எழுந்த நகர் தஞ்சை. தமிழுக்கென இரு நிலையங்களைத் தாங்கும் அந்நகரின் சாலைகளில் 'லாரி செட்' என்றும் 'புக்கிங் ஆபீஸ்' என்றும் பலகைகள் தொங்குவது இனியும் பொறுக்கத்தக்கதன்று. சரக்குந்து நிலையம் என்றும் சரக்குப் பதிவகம் என்றும் எழுத எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு தூரிகையும் ஒரு குவளை வண்ணமும் போதும். சரக்குந்து வைத்திருக்கும் தமிழர் தம் உந்தின் நெற்றியில் அப்பெயரைப் பொறிக்கட்டும். நெல் வணிகர் தம் சிட்டையில் எழுதட்டும். ஆசிரியர் மாணவர்க்குச் சொல்லட்டும். உழைக்கும் மக்கள் வாயில் வண்டி இன்றும் வாழ்கிறது. படித்தவர் கையில் சரக்குந்து பிறக்கட்டும். சுமை தமிழனுடையது. அதற்கிடும் சொல்லும் தமிழனுடையதாகுக!