மியூட் என்றால் என்ன, டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. இன்று ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள். 2003-இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் பாதியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

லீவுக்கு மகள் வீட்டுப் பேரன் ராயபுரம் வந்திருக்கிறான். வந்த நாளிலிருந்து டிவி அவன் கையில். சீரியல் பார்க்க வழியில்லாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் வைத்த பலகையில் ஏறி நின்று, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி என்று எல்லாவற்றின் மேலும் தாவுகிற ஆட்டம். 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர்' என்று பெயர். பார்த்ததும் எனக்குப் பழக்கமான முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் நம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மதியத்துக்கு மேல் காணாமல் போனார்களே, கேம் சென்டர், அங்கே ஓடிக்கொண்டிருந்தது இதேதான். காப்பி சிடி, மங்கலான டிவி, மணிக்கணக்கில் காசு. நான் உள்ளே புகுந்து காதைப் பிடித்து இழுத்து வந்தவர்களில் இரண்டு பேர் இன்று இந்தப் பதிவுக்கு லைக் போடுவார்கள்.

பேரன் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகைச் சறுக்கலை வைத்து வீடியோ கேம் செய்வது பழைய கதைதான். 1986-லேயே அட்டாரி '720°' என்று ஒன்றைக் காசு போட்டு ஆடும் பெட்டியாக விட்டது. 1997-இல் சேகா கம்பெனி, ஆடுகிறவரே ஏறி நிற்கிற பலகையோடு 'டாப் ஸ்கேட்டர்' கொண்டுவந்தது. 1999 ஜூனில் அமெரிக்காவின் டோனி ஹாக் ஒரு போட்டியில் திரும்பத் திரும்ப விழுந்து எழுந்து, கடைசியில் அந்தரத்தில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கினார். அதே வருஷம் செப்டம்பரில் அவர் பெயரிலேயே ப்ளேஸ்டேஷனுக்கு இந்த கேம் வந்தது. நெவர்சாஃப்ட் உருவாக்கியது, ஆக்டிவிஷன் வெளியிட்டது. அதற்குப் பிறகு பலகையையே பார்த்திராத ஊர்களில்கூட டோனி ஹாக் பெயர் தெரிந்தது. நம் திருப்பூர் அதில் ஒன்று.

2009-இல் பிளாஸ்டிக் பலகை கொடுத்துக் காலால் ஆடச் சொன்னார்களாம், ஓடவில்லையாம். கட்டைவிரலுக்குக் கிடைத்த வெற்றி காலுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்கும் பிடிபடவில்லை, பேரனுக்கும் தெரியவில்லை.

"வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, அவ்வளவுதான்" என்று என் தம்பி இங்கே வந்து எழுதுவான். நானும் முப்பத்தைந்து வருஷம் அதையே சொன்னவள்தான். இப்போது அப்படி ஒரே வரியில் சொல்ல முடியவில்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பலகைச் சறுக்கலைச் சேர்த்தார்கள். ஜப்பானின் மோமிஜி நிஷியா தங்கம் வாங்கியபோது வயது 13. நம் மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தி என்ற சிறுமி பலகையில் சறுக்கியதைப் பற்றி 'கமலி' என்றே ஒரு குறும்படம் வந்தது. ராஜஸ்தானில் கேம்பூர் என்ற கிராமத்தில் ஒரு சினிமாவுக்காகச் சறுக்குமேடை கட்டி, அதை ஊர்ப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டார்கள். இதெல்லாம் கேமால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை அந்த கேம் நிச்சயமாகச் செய்தது. ஒவ்வொரு வித்தைக்கும் உள்ள பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பையன் காற்றில் ஏறிப் பலகையைப் பிடித்தால் திரையின் அடியில் அந்தப் பிடியின் பெயர் எழுத்தாக வரும், பக்கத்தில் மதிப்பெண் வரும். ஆலி, கிக்ஃப்ளிப், இண்டி என்று நம் பையன்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது அப்படித்தான். என் இங்கிலீஷ் பாடத்தில் அவ்வளவு வார்த்தை அவர்கள் படித்ததில்லை.

அந்தக் கடைசிப் பக்கம் ஒன்றிலிருந்துதான் ஒருவன் எழுந்து கேட்டான்: "மியூட்னா என்னங்க டீச்சர்?"

அதுவும் ஒரு பிடியின் பெயர்தான். முன் கையால் பலகையின் விரல் பக்க விளிம்பைப் பிடிப்பது. எனக்கு அது தெரியாது. அகராதி அர்த்தம் தெரியும். "ஊமை" என்றேன்.

வகுப்பு முழுக்க முதல் பெஞ்சைப் பார்த்தது. அங்கே காது கேட்காத ஒரு பையன் இருந்தான். என் வாயசைவு நன்றாகத் தெரியட்டும் என்று நான்தான் அவனை அங்கே உட்கார வைத்திருந்தேன். அந்த ஆட்டத்தில் அவனை ஜெயிக்க ஆளே இல்லை என்று மற்ற பையன்களே சொல்வார்கள். காதுக்கு அதில் என்ன வேலை, எல்லாம் எழுத்தாகத்தானே வருகிறது. அந்த வார்த்தையை அவன் என் உதட்டில் படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். நானும் புன்னகைத்துவிட்டு, "சரி சரி, பாடத்தைப் பாருங்கள்" என்றேன். அன்றிலிருந்து அதுவே அவன் பெயராகிவிட்டது.

போன வாரம் பேரன் ஆடும்போது நான் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதே பிடி, திரையில் 'வெடில் கிராப்' என்று வந்தது. "பழைய பேரு என்னாச்சு கண்ணு?" என்றேன். "அதை மாத்திட்டாங்க அம்முச்சி" என்றான்.

தேடிப் படித்தேன். கிறிஸ் வெடில் என்ற காது கேட்காத அமெரிக்க இளைஞர் 1980-களின் தொடக்கத்தில் செய்து காட்டிய பிடி அது. கண்டுபிடித்தவரை வைத்துப் பெயர் சூட்டலாம் என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் அவர் பெயரை விட்டுவிட்டு, அவரை என்னவாக நினைத்தார்களோ அதையே சூட்டினார்கள். கேட்காதவர் வேறு, பேசாதவர் வேறு என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்தப் பெயர் நின்றது. 1999-க்குப் பிறகு அதைக் கோடிக்கணக்கான வீட்டுக்குக் கொண்டுபோனது இந்த கேம். 2020-இல் பழைய இரண்டு பாகங்களையும் புதுப்பித்து வெளியிட்டபோது, டோனி ஹாக் இதைப் பகிரங்கமாக எழுதி, தன் பெயரில் வரும் கேமிலேயே பெயரை மாற்ற வைத்தார்.

எனக்கு அதில் பிடித்தது இதுதான். அவர் சூட்டிய பெயர் இல்லை அது. ஊரே சொன்னதை அவரும் சொன்னார், அவ்வளவுதான். பெரிய மனிதர், "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்று விட்டிருக்கலாம். பரப்பிய இடத்திலேயே திருத்தினார். நம் ஊரிலும் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்று அரசாங்கம் எழுதச் சொன்னது, எழுதுகிறோம். மனுவில் எழுதுகிறோம், போனில் சேவ் பண்ணும்போது எழுதுவதில்லை.

2003 செட் வாட்ஸப் குழுவில் போன மாதம் கெட்-டுகெதர் போட்டோ போட்டீர்களே, கீழே ஒருவர் என்ன எழுதியிருந்தார் என்று போய்ப் பாருங்கள். பாசமாகத்தான் எழுதியிருக்கிறார், தெரியும். அதற்கு இருபத்து மூன்று சிரிப்பு எமோஜி. அந்தக் குழுவில் அவனும் இருக்கிறான். இந்த வார்த்தையைப் பரப்பியது உங்களில் யாரும் இல்லை, நான்தான். அதனால்தான் குழுவில் தனியாகச் சொல்லாமல், எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். குழுவில் இருப்பவர்கள் உங்கள் போனில் அவன் எண் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயருக்கு மாற்றுங்கள். நல்ல பெயர் அது. வருகைப் பதிவேட்டில் ஒரு வருஷம் தினமும் வாசித்திருக்கிறேன்.

அவன் இன்று நான்கு ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறான். மெஷின் ஓடுகிற சத்தத்தில் அங்கே எல்லோரும் சைகையில்தான் பேசுகிறார்கள். அதில் அவன் மற்றவர்களுக்கு வாத்தியார் என்று கேள்விப்பட்டேன்.

இதை எழுதலாமா என்று அவனிடமே மெசேஜில் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் போடாதீங்க" என்றான். அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்றும் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "கேம் ஞாபகம் இருக்கு டீச்சர்" என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனைப் பார்க்கப் போகிறேன். சனிக்கிழமை சம்பள நாள், தொந்தரவு பண்ணக் கூடாது. பேரன் ப்ளேஸ்டேஷனை எடுத்துக்கொண்டு கூட வருகிறேன் என்கிறான். உங்களில் யார் வந்தாலும் சந்தோஷம், முன்னாடியே சொல்லிவிடுங்கள். அவன் மெஷினில் உட்கார்ந்திருந்தால் மட்டும் பின்னால் இருந்து தட்டிக் கூப்பிடாதீர்கள். திடுக்கிடுவான், கை ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும். முன்னால் போய் நின்று கையசையுங்கள்.