இறந்தவர் தொடுத்த வழக்கு

பேய்க்கதை என்றால் எனக்கு அவ்வளவாக ஒட்டாது. கதவு கிறீச்சிடும், விளக்கு அணையும், கடைசியில் மந்திரவாதி வந்து முடித்துவைப்பார். ஆனால் அன்ஸ்கி எழுதிய ‘டிபுக்’ நாடகக் கதையை மட்டும் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பேய் வருகிறது. கூடவே ஒரு நீதிமன்றமும் வருகிறது.

நிஸ்ஸன், செண்டர் இருவரும் இளவயது நண்பர்கள். ஒருவருக்கு ஆணும் மற்றவருக்குப் பெண்ணும் பிறந்தால் சம்பந்தி ஆகிவிடுவோம் என்று கைகொடுத்து வாக்குச் சொல்கிறார்கள். நிஸ்ஸன் இறந்துபோகிறார். செண்டருக்குப் பணம் சேர்கிறது, வாக்கு மறந்துபோகிறது. நிஸ்ஸனின் மகன் கோனன் ஏழை மாணவனாக அதே ஊருக்குப் படிக்க வந்து, செண்டர் வீட்டிலேயே சாப்பிடுகிறான். அவர் மகள் லேயாவுக்கும் அவனுக்கும் மனம் ஒன்றிவிடுகிறது. ‘தம்பி, நீ யார் பிள்ளை?’ என்று செண்டர் ஒருநாளும் கேட்பதில்லை. கேட்டால் பணக்கார மாப்பிள்ளை தேட முடியாதே!

அப்படி ஒரு மாப்பிள்ளை அமைந்ததும், கபாலா எனும் யூத மறைஞானத்தில் வழி தேடிக்கொண்டிருந்த கோனன் சுருண்டு விழுந்து இறக்கிறான். திருமண நாளில் அவன் ஆவி லேயாவுக்குள் புகுந்து அவள் வாயால் பேசுகிறது. இப்படி உயிருள்ளவரைப் பற்றிக்கொள்ளும் ஆவிக்குத்தான் டிபுக் என்று பெயர்.

யூத குருவான ரபி ஆவியை உடனே விரட்டிவிட முடியாது. இறந்த நிஸ்ஸன் இன்னொரு ரபியின் கனவில் வந்து செண்டர்மீது வழக்குத் தொடுக்கிறார். இடுகாட்டுக்கு ஆள் அனுப்பி அவரை முறைப்படி அழைக்கிறார்கள். ஒரு மூலையில் திரை கட்டி, வாதி அதற்குப் பின்னால் நிற்கிறார் என்று வைத்து விசாரணை நடக்கிறது. தீர்ப்பு என்ன தெரியுமா? கருவிலேயே இல்லாத பிள்ளைகளைப் பற்றிய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனாலும் செண்டர் தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். செண்டர் ஒப்புக்கொள்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து பதிலே இல்லை. மன்னிப்பு வரவில்லை. பிறகு ஆவியை ஓட்டியும் லேயா கோனனிடமே போய்ச் சேர்கிறாள்.

அன்ஸ்கியின் இயற்பெயர் ஷ்லோய்மே ராப்பப்போர்ட். 1863இல், இன்றைய பெலருசில் பிறந்தார். இளவயதிலேயே சமயத்தை விட்டு விலகி, ரஷ்யச் சுரங்கத் தொழிலாளர்களோடு வாழப் போனவர். பின்னாளில் தம் மக்களிடமே திரும்பி வந்தார். 1912 முதல் 1914 வரை, இன்றைய உக்ரேன் பகுதியில் சுமார் 70 ஊர்களுக்கு இசையறிஞர், புகைப்படக்காரர் சகிதம் போனார். கிழவர்களையும் கிழவிகளையும் உட்காரவைத்துக் கதை கேட்டார். பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். கதைகள் மட்டுமே 1,800 அளவுக்குச் சேர்ந்தன. ‘டிபுக்’ இந்தச் சேகரிப்பிலிருந்து முளைத்ததுதான்.

அந்தக் குழு தயாரித்த கேள்வித்தாள் ஒன்று உண்டு. கருவில் தொடங்கி இறப்புக்கு அப்பால்வரை 2,087 கேள்விகள்! 1914இல் அச்சானது. அதே ஆண்டு முதல் உலகப் போர் வந்தது. பதில் திரட்டும் வேலை நடக்கவே இல்லை. கேள்வி கேட்காத ஒரு தகப்பனைப் படைத்த மனிதரிடம் பதிலில்லாமல் இத்தனை கேள்விகள் தங்கிவிட்டன.

நாடகத்தை அவர் யித்திஷ் மேடையில் பார்க்கவில்லை. 1920 நவம்பர் 8ஆம் தேதி வார்சா அருகே இறந்தார். அடுத்த மாதம் 9ஆம் தேதி, வார்சாவில் வில்னா குழு அதை அரங்கேற்றியது.

1937இல் போலந்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் ஆங்கிலத் துணைவரிகளோடு பார்க்கக் கிடைக்கிறது. படம் மெதுவாகத்தான் நகரும், பொறுமை வேண்டும். நண்பர்கள் வாக்குக் கொடுக்கும் காட்சி அதில் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதனால் செண்டர் கோனனுக்குச் சோறு போடும்போதெல்லாம் நமக்குத்தான் பதறுகிறது.